அவரவர் பெயரை அவரவரே சொல்ல வேண்டும்

போன வாரம் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று இத்தனை வருஷம் நான் வேலை பார்த்த நம் டூர் ஆபீஸ் பக்கம் வந்தேன். வந்த இடத்தில் ஒரு செய்தி காதில் விழுந்தது. பஸ் கிளம்பும் முன்னால் ஒவ்வொருவரும் எழுந்து தன் பெயரைத் தானே உரக்கச் சொல்கிற பழக்கத்தை எடுத்துவிடப் போகிறீர்களாம். இனிமேல் குடும்பத்துக்கு ஒருவர் போனில் ஒரு தட்டுத் தட்டினால் போதுமாம், எல்லோரும் வந்தாயிற்று என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமாம். ஐ.டி. கம்பெனி ஆட்கள் "என்ன மேடம், எல்.கே.ஜி. பிள்ளைங்க மாதிரி பேர் சொல்லச் சொல்றீங்க" என்று சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டுமே, அதனால் நமக்கு என்ன குறைந்துவிட்டது?

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. ஆனால் மேனாம்பேட்டில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது ஒன்று தோன்றியது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களில் யாருக்கும் தெரியாது. முதலாளிக்குத் தெரியும், அவர் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். நானும் இத்தனை நாள் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

அனுமதி வாங்குவது, ஓட்டல் பிடிப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டாம். என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நம் பஸ்ஸில் ஏறுகிற ஜனங்களை மட்டும் கொஞ்சம் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பன் வெள்ளானூரில் யாரோ ஒருவர் வயலில் நாற்று நட்டவன், மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் முன்னால் நிற்கிறவன். அடுத்த சீட்டில் மதுரையிலிருந்து வந்து மாங்காட்டில் ஃபிளாட் வாங்கியவர். யாராயிருந்தாலும் ஒரு குணம் மட்டும் பொது. ஆள் வந்தாச்சா என்று கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர் பதில் சொல்லிவிடுவார். "வந்தாச்சுக்கா, நீ வண்டிய எடு." வந்திருக்கமாட்டார். டீக்கடையில் நின்றுகொண்டிருப்பார், அல்லது கக்கூஸில் இருப்பார். தன் ஆளால் மற்றவர்களுக்குத் தாமதம் என்று பெயர் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒருமுறை ஒரு மாமியாரைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வெகுதூரம் போய்விட்டோம். திரும்பி வந்து ஏற்றிக்கொண்டோம். ஊர் வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அந்தம்மாவே சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு வந்தது கடலோரத் தேசியப் பூங்காவுக்குப் போன பயணம். எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர்கள் பெயர் இதில் வர வேண்டாம். எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ராத்திரி கிளம்பி விடியும்போது போய்ச் சேர்ந்தோம். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய், முகத்துவாரத்தில் இறங்கி, மணலில் பிள்ளைகள் விளையாடி, சாயங்காலம் திரும்புவதுதான் திட்டம். சாராயம் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, தண்ணீரில் இறங்கக் கூடாது. வாசலில் பைகளைத் திறந்து பார்த்துத்தான் விட்டார்கள்.

காலை இட்லி சாப்பிடும்போது குமரேசன் என்கிற ஆள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லேத் ஆபரேட்டர், முப்பதைத் தாண்டியிருப்பார், சிரித்த முகம். முழங்கை வரை சட்டையை மடித்து வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் சிவப்பும் மஞ்சளுமாக நாலைந்து சுற்றுச் சுற்றிய கயிறு.

"குடிய உட்றதுக்குக் கட்னதுக்கா. எங்கூட்டுக்காரி கூட்டிகினு போய் சாமி முன்னால கட்னா. பொங்கலுக்கு அப்பால தொடவேயில்ல, தெரியுமா."

"நல்லாயிருப்பா. அப்படியே இரு" என்றேன். கொஞ்சம் தள்ளி அவர் மனைவி தேவி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இந்தக் கயிறு விஷயம் நம் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கயிறு கையில் இருக்கிற வரைக்கும் குடிக்கக் கூடாது, அது சத்தியம். நம் ஆட்கள் சட்டத்தைவிடக் கெட்டிக்காரர்கள். கயிறு கையில் இருந்தால்தானே சத்தியம் என்று, குடிக்கிற நேரத்துக்கு மட்டும் அதைப் பக்குவமாக அவிழ்த்து நம்பிக்கையான ஆள் ஒருவரிடம் கொடுத்து வைப்பார்கள். தெளிந்த பிறகு திரும்ப வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். சாமிக்கும் தெரியாது, பெண்டாட்டிக்கும் தெரியாது என்பது கணக்கு. குமரேசனுக்கு அந்த நம்பிக்கையான ஆள் சேகர். அதே பட்டறையில் வெல்டர். தேவியின் கூடப்பிறந்த அண்ணன்.

படகுகள் இரண்டு. முதலாவதில் பெண்களும் பிள்ளைகளும், நானும் அதில். இரண்டாவதில் ஆண்கள். முகத்துவாரத்தில் அப்போது நீர் இறங்கிக் கிடந்தது. கணுக்கால் அளவு வாய்க்கால் ஒன்றைத் தாண்டினால் அந்தப் பக்கம் பெரிய மணல்திட்டு, அதில் ஒரு ஓரமாகப் புதர். வனக் காவலர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். "பௌர்ணமி கிட்ட வருது. மத்தியானத்துக்கு மேல தண்ணி வேகமா ஏறும். திட்டுல யாரும் தங்கக் கூடாது." எல்லோரும் மண்டையை ஆட்டினார்கள்.

ஆட்டினார்களே தவிர, அவர்களுக்குப் புரியவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. நம் ஆட்களுக்குத் தெரிந்த தண்ணீர் அம்பத்தூர் ஏரி. ஏரி காலையில் எங்கே நின்றதோ சாயங்காலமும் அங்கேதான் நிற்கும். காய்ந்த மணலைப் பார்த்தால் அது தரை, தரை என்றால் தரைதான். அது ஒரு மத்தியானத்துக்குள் கடலாகிவிடும் என்று சொன்னால் காது கேட்கும், மனசு கேட்காது.

திரும்பும்போது பெண்கள் படகு முதலில் கிளம்பியது. ஆண்கள் படகு பின்னாலேயே வந்தது. கரையேறி, முகம் கழுவி, பஸ்ஸில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளுக்குப் பசி, ஒன்றிரண்டு அழுதுகொண்டிருந்தன. இருட்டுவதற்குள் காட்டுப் பாதைக் கதவைத் தாண்ட வேண்டும் என்று டிரைவர் ஹாரன் அடித்தார். நான் சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டே போனேன். தேவிக்குப் பக்கத்துச் சீட்டில் ஆள் இல்லை, ஒரு பைதான் இருந்தது.

"குமரேசன் எங்கே?"

பின் சீட்டிலிருந்து சேகர் எழுந்தார். "அவரு முன்னாடியே போய்ட்டாருக்கா. இங்க பக்கத்து ஊர்ல எங்க சொந்தக்காரரு ஒருத்தரு கீறாரு. அவரு பைக்ல வந்து கூட்டிகினு போய்ட்டாரு. நாளிக்கு வந்துருவாரு. நீ வண்டிய எடுக்கச் சொல்லு."

"ஆமாக்கா, நாங்க பாத்தோம்" என்றார்கள் பக்கத்தில் இருந்த இருவரும்.

கதை வழுக்கிக்கொண்டு வந்தது. யாரும் கேட்காத சொந்தக்காரர், யாரும் கேட்காத பைக். நான் தேவி பக்கம் திரும்பி, "உன்கிட்ட சொல்லிட்டுப் போனாரா?" என்று கேட்டேன்.

அவள் ஒரு நொடி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த போனை லேசாகத் தூக்கிக் காட்டினாள். "போன் பண்ணாருக்கா. அண்ணன் சொல்றது நெஜந்தான். சொந்தக்காரங்க ஊட்ல தங்கிட்டு காலைல பஸ் புடிச்சு வரேன்னாரு."

பஸ்ஸே நிம்மதியாகிவிட்டது. பெண்டாட்டியே சொன்ன பிறகு எனக்கு என்ன வேலை? "எடுக்கா, எடுக்கா" என்று நாலு பக்கமும் குரல். ஆனால் அவள் போன் வந்தது என்று சொன்ன நொடியில் நான் சேகரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் திடுக்கென்று ஓர் ஆச்சரியம். தான் சொன்ன சேதி உண்மையானால் ஒருவன் ஏன் ஆச்சரியப்பட வேண்டும்? அந்த ஆச்சரியம் போய் ஒரு நிம்மதி வந்தது. நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை இழுத்தார். சட்டைப் பையிலிருந்து அதோடு சேர்ந்து சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கயிறு பாதி வெளியே வந்து தொங்கியது.

டிரைவரிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். "இன்னாத்துக்கு?" என்றார். "கொடு அண்ணாத்தே" என்று நானே உருவி எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் சத்தம் கிளம்பியது. பிள்ளைகள் பட்டினி என்றார்கள், காசு கொடுத்துத்தானே வந்தோம் என்றார்கள். அதையெல்லாம் காதில் வாங்காமல் சேகரை இறக்கி பஸ்ஸுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"அந்தக் கயிறு உன் பையில ஏன் இருக்கு?"

தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். சாராயத்தை ஸ்டீல் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். திட்டில் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து குடித்திருக்கிறார்கள். ரொம்ப நாள் கழித்துக் குடித்ததால் குமரேசனுக்குத் தாங்கவில்லை. எழுப்பியும் எழவில்லை.

"அப்படியே படகுல ஏத்தியாந்தா தங்கச்சிக்குத் தெரிஞ்சிரும்கா. தெளிஞ்சப்புறம் மத்த ஜனங்க வர்ற கடைசிப் படகுல வந்துருவாருன்னு நெழல்ல படுக்க வச்சிட்டு வந்தோம். படகுக்காரர்கிட்ட, அவரு லேடீஸ் படகுல போய்ட்டாருன்னு சொல்லிட்டோம்."

"திட்டுலயா? திட்டுலயா படுக்க வச்சே?"

"ஒண்ணும் ஆவலக்கா. அதான் போன் பண்ணிக்கீறாரே. முழிச்சிகினு கரைக்கு வந்துட்டாரு போல. தேவி சொன்னாளே."

அந்த மனிதர் நிஜமாகவே அதை நம்பினார். இந்த இடத்தைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். தங்கச்சி சொன்னது பொய்யாக இருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

நான் திரும்ப பஸ்ஸில் ஏறினேன். தேவி பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "போனைக் காட்டும்மா. எப்ப வந்தது?" என்றேன்.

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "போன் வரலக்கா."

"பின்ன ஏன் சொன்னே?"

"மத்தியானமே தெரியும்கா. கயிறு இல்லன்னா கைய பின்னால கட்டிக்குவாரு. சாப்புடக் கூப்புட்டப்போ பாத்தேன். குடிச்சிட்டு எங்கனா படுத்துகினு கீறாருன்னு தெரியும். அண்ணன் கூட இருக்குதே, பத்திரமா வச்சிருக்கும்னு நெனைச்சேன். பஸ் மொத்தமும் பாக்குது. காலைலதான் ஊரு பூராவும் கயித்தக் காட்டிகினு இருந்தாரு. மானம் போயிருமேன்னு..."

அண்ணன் பத்திரமாக வைத்திருப்பார் என்று தங்கச்சி நம்பினாள். தங்கச்சிக்குப் போன் வந்தது என்று அண்ணன் நம்பினார். அவள் அழும் முன்னால் நான் இறங்கி ஓடினேன்.

வனக் காவலரிடம் ஒரே வரியில் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. துறையின் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் ஏறி வந்த படிகளில் பாதி தண்ணீருக்குள் போயிருந்தன. படகுக்காரர் மோட்டாரைக் கிளப்பினார். காவலரோடு நானும் சேகரும் ஏறினோம். வழி முழுக்க சேகர், "வாய்க்காலு கணுக்கால் தண்ணிதான்கா, நடந்து வந்துருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். படகுக்காரர் மோட்டாரை இன்னும் முடுக்கினார்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. முகத்துவாரத்துக்கு வந்ததும் படகுக்காரர் மோட்டாரைத் தணித்தார். திட்டு எங்கே என்று சேகர் கேட்டார். படகுக்காரர் கையைக் காட்டினார். அங்கே மணல் இல்லை, தண்ணீர்தான் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. புதரின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. கணுக்கால் வாய்க்கால் இருந்த இடம் எது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"மாப்ள" என்று சேகர் கூப்பிட்டார். முதலில் மெதுவாக, தூங்குகிறவரை எழுப்புவதைப்போல. பிறகு குரல் உடைந்து போகிற வரைக்கும் கூப்பிட்டார். என் வேலைக் காலத்தில் எத்தனையோ சத்தங்களைக் கேட்டு மறந்திருக்கிறேன். அதை மறக்க முடியவில்லை.

குமரேசன் எழுந்து நடந்து வரத்தான் பார்த்திருக்கிறார். வாய்க்கால் இழுத்துப் போயிருக்கிறது. அலையாத்தி வேர்களுக்கு நடுவில் படகுக்காரர்தான் முதலில் பார்த்தார். காவலரும் அவரும் இறங்கித் தூக்கிவந்து படகில் கிடத்தினார்கள். நான் நெஞ்சை அழுத்திப் பார்த்தேன், அவர்கள் போதும் என்று சொன்ன பிறகும் அழுத்திக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று காவலர் ஆரம்பித்தார், சேகரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

துறை தெரிகிற தூரத்தில் சேகர் பையிலிருந்து கயிற்றை எடுத்தார். குமரேசன் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அக்கா, கட்டிடட்டா? அவ பாக்கறதுக்கு முன்னால கட்டிடட்டா? கயிறோடவே போனாருன்னு இருக்கட்டும்கா."

அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வது சாதாரணமில்லை. கட்டினால் யாருக்கு நஷ்டம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் எனக்கு அடங்காத கோபமும் இருந்தது. ஒரு பகல் முழுக்க ஆளுக்கு ஆள் அன்பால் பொய் சொல்லி ஒரு மனுஷனைத் தண்ணீரில் விட்டார்கள். அவர் கையில் இன்னும் ஒரு பொய்யா?

"கட்டாதே. உன் தங்கச்சி கையில கொடு" என்றேன்.

தேவி துறைப் படியில், தண்ணீர் தொடுகிற படியிலேயே நின்றிருந்தாள். படகு ஒட்டியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. படகுக்குள் வந்து உட்கார்ந்து, புருஷன் முகத்தில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்தாள். காதுக்குள் போயிருந்ததைக்கூட விரல் நுனியால் எடுத்தாள். சேகர் கயிற்றை நீட்டினார்.

"நீ சொன்னா சரியா இருக்கும்னு இருந்தேண்ணா" என்றாள். "நான் சொன்னத நீ நம்பிகினே."

பிறகு அந்தக் கயிற்றை வாங்கி, பல்லில் வைத்துக் கடித்து இரண்டாக அறுத்தாள். ஒரு பாதியை அண்ணன் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினாள். இன்னொரு பாதியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் கையை நீட்டினாள். "எனக்கு நீ கட்டு." சேகர் இரண்டு தடவை முடிச்சுப் போட்டார், இரண்டு தடவையும் அவிழ்ந்துவிட்டது. கடைசியில் நான்தான் கட்டிவிட்டேன்.

போலீஸ், ஆஸ்பத்திரி, ஊர் வந்து சேர்ந்தது இதெல்லாம் வேண்டாம். அதற்கடுத்த பயணத்தில் பஸ்ஸில் ஏறி நின்று, இனிமேல் யாரும் யாருக்காகவும் பதில் சொல்லக் கூடாது, அவரவர் பெயரை அவரவரே சொல்ல வேண்டும் என்றேன். சிரித்தார்கள். காரணம் சொல்ல என்னால் முடியவில்லை, அதட்டிச் சொல்ல வைத்தேன்.

உங்கள் போன், உங்கள் பொத்தான், எது வேண்டுமானாலும் வரட்டும். நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் புருஷனுக்காகப் பெண்டாட்டியும் தங்கச்சிக்காக அண்ணனும் அதைத் தட்டக் கூடாது. ஆள் எங்கே என்று கேட்டு யாராவது பதில் சொன்னால், நீ கடைசியாக எங்கே பார்த்தாய் என்று திருப்பிக் கேளுங்கள். மூஞ்சியில் அடித்தாற்போல இருந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். பஸ் முழுக்க உங்களைத் திட்டும், திட்டு வாங்கிக்கொண்டு சாவியைக் கையில் வைத்திருங்கள்.

போன மாதம் அம்பத்தூர் மார்க்கெட்டில் தேவியைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், சாப்பிட்டாயாக்கா என்று கேட்டாள். கையில் அந்தக் கயிறு சாயமெல்லாம் போய் வெறும் நூலாகக் கிடந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.